படைக்கு மேலே இருப்பவர் யார்?

(கொழும்புத்துறையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுதந்திர இலங்கையின் பாதுகாப்பு வெளிவிவகார அமைச்சுக்கு முதலாவது நிரந்தரச் செயலாளராக இருந்தவர் ஒரு தமிழர். சேர் கந்தையா வைத்தியநாதன். திருக்கேதீச்சரத் திருப்பணி என்றவுடன் நினைவுக்கு வருகிற அதே வைத்தியநாதன்தான். சிவில் சேவையில் வளர்ந்து மேலே வந்தவர். 1949 ஒக்டோபர் 10 ஆம் திகதி இலங்கை இராணுவம் உருவானபோது அதன் தளபதி கெய்த்னஸ் பிரபு என்ற பிரித்தானியப் பிரிகேடியர். அவருக்கு மேலே ஒரு சிவில் செயலாளர். செயலாளருக்கு மேலே பிரதமர் டி.எஸ்.சேனநாயக்க. சோல்பரி யாப்பு பாதுகாப்பைப் பிரதமரிடமே ஒப்படைத்திருந்தது. பிரதமர் பாராளுமன்றத்தில் இருந்தார். அங்கே யாரும் எழுந்து அவரைக் கேள்வி கேட்கலாம். 1955 இல் முதலாவது இலங்கைத் தளபதியாக வந்தவரும் தமிழர், அன்ரன் முத்துக்குமாரு. 1960 இலிருந்து பத்து வருடம் கடற்படைக்குத் தலைமை தாங்கிய ராஜன் கதிர்காமரும் நம்மவர்.

பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அமைச்சு இன்று யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதற்காகச் சொல்கிறேன். அமைச்சர் ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க. பிரதி அமைச்சர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் அருண ஜயசேகர. செயலாளர் ஓய்வுபெற்ற எயார் வைஸ் மார்ஷல் சம்பத் துயகொந்தா. ஜனாதிபதி சிவிலியன்தான். ஆனால் நாட்டில் அவருக்கு இல்லாத வேலை இல்லை. அமைச்சின் நாளாந்த வேலையைப் பார்க்கிற இருவரும் முன்னாள் படை அதிகாரிகள். 2024 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 இந்த ஆட்சிக்குப் போயின. நமது வாக்கும் சேர்ந்த அரசாங்கம் இது. ஆகவே கேட்க வேண்டியதை உரிமையோடு கேட்கலாம்.

பாதுகாப்புச் செயலாளர் பதவியின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அமைச்சர்கள் மேடையில் தெரிவார்கள், செயலாளர் தெரியமாட்டார். ஆனால் முப்படைகளின் செலவுக்குக் கையெழுத்து வைப்பவர் அவர். பிரதான கணக்கீட்டு அதிகாரியும் அவரே. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை 442 பில்லியன் ரூபா. இந்தப் பொறுப்பில் 1983 இல் முன்னாள் இராணுவத் தளபதி ஜெனரல் சேபால ஆட்டிகல அமர்ந்தார். பின் ஜெனரல் சிறில் ரணதுங்க, அவருக்குப் பின் ஜெனரல் ஹமில்டன் வணசிங்க. 1995 இல்தான் சந்திரானந்த டி சில்வா என்ற நிர்வாக சேவைக்காரர் வந்தார். சமாதான காலத்தில் ஒஸ்ரின் பெர்ணான்டோ. 2005 நவம்பரில் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கேணல் கோத்தாபய ராஜபக்ச வந்து 2015 ஜனவரி வரைக்கும் இருந்தார். அதன் பின் வந்த நல்லாட்சி அரசாங்கக் காலத்தில் மறுபடி சிவிலியன்கள். உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்த கையோடு முன்னாள் தளபதி சாந்த கோட்டேகொட. பிறகு இறுதிப் போரில் 53 ஆவது படையணியை நடத்திய கமல் குணரத்ன. இப்போது விமானப்படைக்காரர். 1983 இலிருந்து கூட்டிப் பார்த்தால் பெரும்பகுதிக் காலம் அந்தக் கதிரையில் முன்னாள் படையினரே இருந்திருக்கிறார்கள்.

இதில் என்ன பிழை, படையைத் தெரிந்தவர்தானே படையை நடத்த வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு சங்கக்கடையின் கணக்கைப் பரிசோதிக்க ஆள் அனுப்புகிறோம் என்று வையுங்கள். அதே கடையில் முன்பு மனேஜராக இருந்தவரை அனுப்பினால் மூட்டை எங்கே குறையும், நிறுவை எங்கே பிழைக்கும் என்று அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் இப்போது கல்லாவில் இருப்பவர் அவர் வேலைக்குச் சேர்த்த பெடியன். அவர் காலத்துக் குறைகளும் அதே புத்தகத்தில்தான் கிடக்கின்றன. அறிவு இருக்கிறது என்பதற்காக அவரிடம் பரிசோதனையை ஒப்படைக்க ஊர்ச்சனம் சம்மதிக்காது. பாதுகாப்புச் செயலாளர் விசாரிக்க வேண்டிய அதிகாரிகளில் பலர் அவரோடு அகடமியில் படித்தவர்கள், அவருக்குக் கீழே நின்று சண்டை பிடித்தவர்கள், அவர் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்தவர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்கும்போது நம்பிக்கை வராது.

அமெரிக்கர்கள் இதை 1947 இலேயே சட்டமாக்கினார்கள். படையை விட்டு 10 வருடம் கழியாத அதிகாரி எவரும் பாதுகாப்பு அமைச்சராக முடியாது. 2008 இல் அதை 7 வருடமாகக் குறைத்தார்கள். இடையில் விலக்கும் கொடுத்தார்கள். 1950 இல் ஜோர்ஜ் மார்ஷலுக்கு, 2017 இல் ஜேம்ஸ் மற்றிஸுக்கு, 2021 இல் லொயிட் ஒஸ்ரினுக்கு. ஒவ்வொரு முறையும் தனிச் சட்டம் வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் வாதம் நடந்தது. மார்ஷலின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின் மாபெரும் தளபதி அவர். அவர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோதுதான் கொரியப் போரில் ஜெனரல் மக்ஆதர் ஜனாதிபதி ட்ரூமனின் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்தார். 1951 ஏப்ரலில் ட்ரூமன் அவரைப் பதவி நீக்கினார். நாடே மக்ஆதர் பக்கம் நின்ற நேரம் அது. மார்ஷல் செனற் குழுவின் முன் நாட்கணக்காக அமர்ந்து, ஜனாதிபதியின் முடிவு சரி என்று சாட்சியம் சொன்னார். முன்னாள் ஜெனரல் ஒருவர் அமைச்சராக இருந்து சிவில் ஆட்சியைக் காப்பாற்றிய சம்பவம் இது. அதை மறைத்துவிட்டு நான் பேசக்கூடாது. ஆனால் அவரைக் கேள்வி கேட்க அங்கே ஒரு சபை இருந்தது, அந்தச் சபையின் முன் போய் இருக்க வேண்டிய கடமை அவருக்கு இருந்தது.

இதற்கு நேரெதிரான கதைகளும் உண்டு. ஜப்பானில் 1900 ஆம் ஆண்டு ஒரு விதி வந்தது: தரைப்படைக்கும் கடற்படைக்கும் அமைச்சராக வருபவர் சேவையில் உள்ள அதிகாரியாகவே இருக்க வேண்டும். 1912 இல் தரைப்படை அமைச்சர் பதவி விலக, படை வேறொருவரைக் கொடுக்க மறுக்க, சையோன்ஜியின் மந்திரிசபையே கவிழ்ந்தது. ஒரு வருடத்துக்குள் அந்த விதியைத் தளர்த்தினார்கள். 1936 இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு ஜப்பானும் ஆசியாவும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இன்றைய ஜப்பானிய யாப்பில் அமைச்சர்கள் அனைவரும் சிவிலியன்களாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாகிஸ்தானில் 1954 இல் பதவியில் இருந்த தளபதி அயூப் கானையே பாதுகாப்பு அமைச்சராக்கினார்கள். நாலு வருடத்தில் அவர் நாட்டையே எடுத்துக்கொண்டார்.

கொழும்பும் இதற்கு விலக்கல்ல. 1962 ஜனவரி 27 ஆம் திகதி இரவு பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கத்தைக் கவிழ்க்க இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் திட்டமிட்டிருந்தார்கள். அன்றே அது வெளிப்பட்டுவிட்டது. சிறிமாவோ அப்போது செனற்றில் இருந்தார். பிரதிநிதிகள் சபையில் பாதுகாப்புக்குப் பொறுப்பாகப் பேசியவர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. சந்தேக நபர்களை விசாரித்தவரும் அவர்தான். பின் அவர்களைத் தண்டிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். அந்தச் சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் கை வைக்கிறது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1965 இல் தள்ளிவிட, குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டவர்கள் விடுதலையானார்கள். அந்தச் சதியில் சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லோரும் இருந்தார்கள். பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அதற்குப் பிறகு ஆட்சியாளர்கள் படையைத் தங்கள் சொந்தச் சனத்தால் நிரப்புவதே பாதுகாப்பு என்று முடிவெடுத்தார்கள். முத்துக்குமாருவும் கதிர்காமரும் தலைமை வகித்த படை ஒரே இனத்தின் படையாக மாறியதில் அந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதுவரை சொன்னதைக் கேட்டு, சிவிலியன்களை அமைச்சில் இருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் எண்ணலாம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

1961 பெப்ரவரி 20 ஆம் திகதி தந்தை செல்வநாயகம் தலைமையில் பழைய பூங்காவை அடுத்த கச்சேரியின் முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கியது. இந்தப் பக்கத்துச் சனமும் நடந்து போய்க் குந்தியிருந்தது. பெண்கள் திரளாக வந்திருந்தார்கள். ஏப்ரல் 17 இல் அவசரகாலச் சட்டம். அன்றிரவு படை வந்து, நிலத்தில் இருந்தவர்களை அடித்துக் கலைத்தது. தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டார்கள். அந்தக் கட்டளையை எந்த ஜெனரலும் தன் பாட்டில் போடவில்லை. தேர்தலில் வென்ற கட்சியின் பிரதமர், அவருடைய சிவில் செயலாளர், மந்திரிசபை, எல்லாம் ஒழுங்குப்படி நடந்தது. சிவில் கட்டுப்பாடு என்று புத்தகம் சொல்வது அணுவளவும் குறையாமல் இருந்தது. கீழே வந்து விழுந்தது அடி.

1979 யூலையில் ஜே.ஆர்.ஜயவர்த்தன தம் உறவினரான பிரிகேடியர் வீரதுங்கவை வடக்குக்கு அனுப்பினார். எழுத்தில் ஒரு கட்டளை கொடுத்தார்: டிசெம்பர் 31 க்குள் பயங்கரவாதத்தை ஒழிக்க வேண்டும். அதே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. கையெழுத்திட்ட கட்டளை, திகதி குறித்த தவணை, பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். அதே மாதத்திலேயே, வீட்டிலிருந்து இரவில் கொண்டுபோன இளைஞர்களில் இருவரின் உடல்கள் பண்ணைப் பாலத்தடியில் கிடந்தன. தற்காலிகமென்று கொண்டுவந்த அந்தச் சட்டம் இப்போதும் புத்தகத்தில் இருக்கிறது. தவணை முடிந்த அன்று பிரிகேடியரைக் கூப்பிட்டு, எத்தனை பேரைப் பிடித்தாய், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பாராளுமன்றத்தில் வைத்து யாரும் கேட்கவில்லை.

இந்தியாவை எடுங்கள். படையைச் சிவில் ஆட்சியின் கீழ் வைத்திருப்பதில் ஆசியாவுக்கே முன்மாதிரி என்று சொல்வார்கள். அங்கே பாதுகாப்புச் செயலாளர் என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரிதான். ஜெனரல் ஒருவர் பாதுகாப்பு அமைச்சரானதே இல்லை. முன்னாள் மேஜரான ஜஸ்வந்த் சிங் 2001 இல் சில மாதம் மேலதிகப் பொறுப்பாகப் பார்த்தார், அவ்வளவுதான். இங்கே வந்திருந்த இந்தியப் படைதான் 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளியன்று, யாழ். போதனா வைத்தியசாலைக்குள் புகுந்தது. வைத்தியர்கள், தாதிகள், நோயாளிகள் என்று அறுபதுக்கு மேற்பட்டவர்கள் வாட்டுகளில் இறந்தார்கள். டில்லியில் அமைச்சர் சிவிலியன், செயலாளர் சிவிலியன், பிரதமரும் சிவிலியன். அவர்களைத் தேர்ந்தவர்கள் நாம் அல்லர். நமது சாவைப் பற்றி அவர்கள் தங்கள் வாக்காளருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்தவரை எல்லாம் வந்து நிற்கிற இடம் இதுதான். படையைச் சிவிலியன்கள் கட்டுப்படுத்த வேண்டும் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். சரி. அந்தச் சிவிலியன்களுக்குள் நாம் இருக்கிறோமா? படையின் துவக்கு எந்தச் சனத்தின் வாசலில் நிற்கிறதோ, அந்தச் சனத்தின் வாக்கும் கேள்வியும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் சேர்ந்திருக்கிறதா? இல்லையென்றால், அமைச்சர் சீருடை போட்டவரா வேட்டி கட்டியவரா என்பது அந்த வாசலில் நிற்கிறவருக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது.

1995 ஐ இந்த ஊருக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் சனம் நெரிந்தது. நாலு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தென்மராட்சிக்குப் போனார்கள். டிசெம்பர் ஆரம்பத்தில் யாழ். நகரில் கொடி ஏற்றியவர் பாதுகாப்புப் பிரதி அமைச்சர் அநுருத்த ரத்வத்த. தொண்டர் படையில் லெப்டினன்ட் கேணலாக இருந்தவர், ஜனாதிபதி சந்திரிகாவின் தாய்வழி உறவினர். யாழ்ப்பாணத்தைப் பிடித்ததற்காக அவர் ஒரேயடியாக ஜெனரலாக உயர்த்தப்பட்டார். படையை மேற்பார்க்க வேண்டிய அமைச்சர் படையின் வெற்றியில் பதவி உயர்வு பெறுகிறார். அதன் பிறகு அந்தப் படைக்கு எதிராக வருகிற முறைப்பாட்டை எந்த மனதோடு அவர் பார்த்திருப்பார்?

முறைப்பாடுகள் வந்தன. 1996 இல் திரும்பி வந்த சனம் சென்றிக்குச் சென்றி அடையாள அட்டையை நீட்டியபடி திரிந்த காலம். கொழும்புக்குக் கப்பலில் போவதென்றால் படிவம், புகைப்படம், கிராம அலுவலரின் உறுதி, பிறகு முகாம் வாசலில் சீருடைக்காரர் முன்னால் வரிசை. பட்டியலில் பெயர் வந்ததா என்று நாள்தோறும் போய்ப் பார்க்க வேண்டும். அப்படித் திரிந்தவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் சென்றியில் மறிக்கப்பட்டவர்களாகவே முடிந்து போனார்கள். தாய்மார் முகாமுக்குப் போனால் நாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள். பிரிகேட்டுக்குப் போனால் முகாமில் கேளுங்கள் என்றார்கள். கடைசியில் பாதுகாப்பு அமைச்சே ஒரு விசாரணைச் சபையை அமைத்தது. தன் கீழே உள்ளவர்கள் மீது வந்த குற்றச்சாட்டைத் தானே விசாரித்தது. பாடசாலை மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச 1998 இல் நீதிமன்றத்தில் நின்று, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டன என்று சொன்னார். 1999 இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அத்தோடு மூடினார்கள். இங்கிருந்து அரியாலைப் பக்கமாகச் சைக்கிளில் போனால் எட்டுகிற தூரத்தில் இருக்கிற சித்துப்பாத்தி மயானத்தில் 2025 இல் மீண்டும் தோண்டினார்கள். 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையவையும் உண்டு.

போர் முடிந்த பிறகு நிலைமை இன்னும் இறுகியது. பாதுகாப்பு அமைச்சர் மகிந்த ராஜபக்ச, செயலாளர் அவருடைய தம்பி. அண்ணன் தம்பிக்கிடையில் யார் யாரை மேற்பார்ப்பது? நகர அபிவிருத்தி அதிகார சபையும் பாதுகாப்பு அமைச்சுக்குள் வந்தது. வடக்கின் ஆளுநராக, யாழ். படைத் தளபதியாக இருந்த மேஜர் ஜெனரல் ஜி.ஏ.சந்திரசிறியே 2009 இலிருந்து 2015 வரை இருந்தார். 2013 இல் வட மாகாண சபையின் 38 இடங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம். அந்தச் சபையின் நியதிச்சட்டம் ஒவ்வொன்றும் அந்த ஆளுநரின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. காங்கேசன்துறையில் படையினர் ஹோட்டல் நடத்தினார்கள். வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் இருந்து வந்தது. சிறுபிள்ளைகளின் வகுப்பறைவரை பாதுகாப்பு அமைச்சு நீண்டிருந்தது என்பதை நினைக்க எனக்கு இப்போதும் நெஞ்சு பொறுக்கவில்லை.

அமெரிக்காவின் 10 வருட விதி இங்கே இருந்திருந்தாலும் கோத்தாபயவைத் தடுத்திருக்காது. அவர் 90 களின் தொடக்கத்திலேயே படையை விட்டவர். வருடக் கணக்கு மட்டும் காப்பாற்றாது என்பதற்கு அவரே சாட்சி. கமல் குணரத்னவை அந்த விதி தடுத்திருக்கும், உண்மை. ஆகவே விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதியோடு நின்றுவிடக்கூடாது என்று சொல்கிறேன்.

2010 ஐயும் பேச வேண்டும். போரை நடத்தி முடித்த தளபதி சரத் பொன்சேகா ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது, யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் அவருக்கே போட்டார்கள். வாக்களிக்கப் போனவர்கள் குறைவு, ஆனால் போனவர்கள் அப்படித்தான் செய்தார்கள். தேர்தல் முடிந்து இரண்டு கிழமைக்குள் அவரைப் படையினரே இழுத்துக்கொண்டு போய், இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 2019 இல் கோத்தாபய நின்றபோது யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு 84 வரை சஜித் பிரேமதாசவுக்குப் போனது. நாடு வேறு விதமாகத் தீர்மானித்தது. அந்த ஜனாதிபதி பதவிக்கு வந்த நாலு மாதத்தில் செய்த காரியம் ஒன்றை நாம் மறக்கக்கூடாது.

மிருசுவில். 2000 டிசெம்பர் 19. இடம்பெயர்ந்திருந்தவர்கள் தங்கள் வளவைப் பார்க்கப் போனார்கள். எட்டுப் பேரைக் கொன்று மலகூடக் குழிக்குள் போட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் அதில். ஒருவர் தப்பி வந்து சொன்னதால் வெளியே தெரிந்தது. சம்பவம் நடந்து தீர்ப்பு வரப் பதினான்கு வருடத்துக்கு மேல் எடுத்தது. 2015 யூனில் ஸ்ராவ் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை. 2019 இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போர்க்கால வழக்குகளில் கடைசிவரை போய்த் தீர்ப்புக் கண்ட அரிய வழக்கு இது. 2020 மார்ச் 26 ஆம் திகதி, நாடு ஊரடங்கில் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். மன்னித்தவர் முன்னாள் படை அதிகாரி. முப்படைத் தளபதியும் அவர்தான், பாதுகாப்பை வைத்திருந்தவரும் அவர்தான். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படையைக் கட்டுப்படுத்த வேண்டிய அத்தனை கைகளும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன நடக்கும் என்று இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டத் தெரியாது.

உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) வழக்கு வேறு திசையில் போனது. 2019 ஏப்ரல் 21 இல் 250 க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உறவுகளை இழந்தவர்களும் திருச்சபையினரும் அடிப்படை உரிமை மனுப் போட்டார்கள். 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம், அப்போது பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா தன் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும் என்று தீர்த்தது. செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்ணான்டோ 5 கோடி. இந்த நாட்டில் பாதுகாப்பு அமைச்சரைக் கேள்வி கேட்கவும், பதில் வாங்கவும், விலை கொடுக்க வைக்கவும் முடியும் என்பதற்கு ஆதாரம் அந்தத் தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு வரும்போது சிறிசேன பதவியில் இருந்து இறங்கியிருந்தார். பதவியில் இருக்கிற ஜனாதிபதி மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. அடிப்படை உரிமை மனுவும் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கித்தான் போக வேண்டும்.

பாராளுமன்றத்தில் கேட்கலாமே என்றால், 2022 ஒக்டோபரில் வந்த யாப்பின் 21 ஆவது திருத்தம் பாதுகாப்பை ஜனாதிபதியிடமே விட்டிருக்கிறது. ஜனாதிபதி பாராளுமன்ற உறுப்பினர் அல்லர். மற்ற அமைச்சர்கள் மீது கொண்டுவருவது போல் அவர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவர முடியாது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற வேண்டிய குற்றப் பிரேரணை ஒன்றே வழி. 2025 இல் எதிர்க்கட்சியினர் பிரதி அமைச்சர் அருண ஜயசேகர மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொடுத்தார்கள். ஈஸ்டர் நாட்களில் அவர் கிழக்கில் படைத் தளபதியாக இருந்தவர். அது பற்றிய விசாரணைக்கு இடையூறாக இருப்பார் என்பது அவர்கள் வாதம். அவர் குற்றம் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை, அது நிறுவப்படவும் இல்லை. அந்தப் பிரேரணையை எடுத்துக்கொள்ள முடியாது என்று சபாநாயகர் அறிவித்துவிட்டார். அமைச்சர் மீது பிரேரணை கொண்டுவர முடியாது, பிரதி அமைச்சர் மீதும் முடியாது, செயலாளர் சபைக்கு உரியவரே அல்லர். முன்னைய பாராளுமன்றத்தில் தேசிய பாதுகாப்புக்கான துறைசார் மேற்பார்வைக் குழுவின் தலைவராக இருந்தவரும் ஓய்வுபெற்ற றியர் அட்மிரல் சரத் வீரசேகர. மேற்பார்வைக்கும் படையில் இருந்து வந்தவரே.

ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு பாதியாகிவிடும். நமக்குள்ளே எழுந்த ஆயுத அமைப்புகளில், துவக்கு வைத்திருந்தவர்களைத் துவக்கு இல்லாதவர்கள் கேள்வி கேட்க முடிந்ததா? முடியவில்லை. இந்தியப் படையும், நமது இயக்கங்களும், அரச படையும் செய்தவற்றை ஒரே நேர்மையோடு எழுதிய வைத்திய கலாநிதி ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கேள்விக்கு அன்று நாம் இடம் கொடுக்கவில்லை. அதே கேள்வியைக் கொழும்பிடம் இன்று கேட்கிற நாம் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

என்ன கேட்கலாம் என்று கேட்கிறீர்கள். பாதுகாப்புக்குப் பாராளுமன்றத்தில் அமர்கிற தனி அமைச்சர் வேண்டும். புதிய யாப்புப் பற்றிப் பேசுகிறார்கள், அதிலேயே இதைக் கேட்க வேண்டும். செயலாளர் நிர்வாக சேவையில் இருந்து வர வேண்டும், அல்லது படையை விட்டுக் குறைந்தது 10 வருடம் கழிந்தவராக இருக்க வேண்டும். தேசிய பாதுகாப்பு மேற்பார்வைக் குழுவில் வடக்கு கிழக்கு உறுப்பினர்களுக்கு இடம் இருக்க வேண்டும். அந்தக் குழு பலாலியிலும் முல்லைத்தீவிலும் வந்து அமர்ந்து சனத்தின் வாக்குமூலத்தைக் கேட்க வேண்டும். படையினருக்கு எதிரான வழக்கில் பாதிக்கப்பட்டவரைக் கேளாமல் மன்னிப்புக் கொடுக்கும் அதிகாரத்துக்குக் கடிவாளம் வேண்டும். இராணுவத்தை 2030 க்குள் ஓர் இலட்சமாகக் குறைப்போம் என்று 2023 இல் அறிவித்தார்கள். வடக்கில் எத்தனை பேர் குறைக்கப்படுகிறார்கள் என்ற கணக்கை நமது உறுப்பினர்கள் மூவரும் சபையில் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் ஆளும் கட்சியில் இருக்கிறார்கள், கேட்பது அவர்களுக்கு மற்றவர்களைவிட இலகு.

இதெல்லாம் நடக்கிற வரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பாதுகாப்பு அமைச்சுக்கும் பொருந்தும். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு உண்டு. பொதுநலன் மேலோங்கினால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நாம் இரண்டு விடயங்களைக் கேட்கப் போகிறோம். 1996, 1997 ஆம் ஆண்டுகளில் அரியாலை, செம்மணி, கொழும்புத்துறைப் பகுதிகளில் நிலைகொண்டிருந்த படைப்பிரிவுகள் எவை, அவற்றுக்குக் கட்டளை அதிகாரிகளாக இருந்தவர்கள் யார்? பாதுகாப்பு அமைச்சின் விசாரணைச் சபை கண்டறிந்தவை என்ன, அதன் பிரதி எங்கே? படிவங்கள் வாசலடி மேசையில் இருக்கின்றன. பெயரும் விலாசமும் நிரப்பிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். நிரப்பக் கஷ்டப்படுகிற பெரியவர்களுக்குத் தம்பிமார் உதவி செய்வார்கள். வாற திங்கட்கிழமை எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் போடுகிறோம்.